பறவையே வராத பறவைப் படம் எடுக்க முடியுமா?

வால்காக்கை:

வணக்கம். கேமரா பிடிப்பவர்களும் பைனாகுலர் பிடிப்பவர்களும் இந்த இணைய மன்றத்தில் இருப்பதால்தான் இதை இங்கே கேட்கிறேன். பறவை நோக்குதலைப் பற்றி ஒரு பரிசோதனைக் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், பன்னிரண்டு நிமிடம் வரலாம். பறவைகளை விட, அவற்றைத் தேடிப் பார்க்கும் அந்தச் செயல்தான் என் படத்தின் பொருள்.

எடிட்டிங்கில் உட்காரும்போது ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது. பறவை தெளிவாக, ஃபோகஸில், நல்ல வெளிச்சத்தில் திரைக்கு வந்த அந்த நொடியில் படம் வனவிலங்கு ஆவணப்படமாக மாறிவிடுகிறது. பார்க்கிறவர் "ஆஹா, என்ன அழகு" என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார், அதற்கு முன்பு வரை இருந்த தேடல் அங்கேயே நின்றுபோகிறது. களத்தில் நடப்பது அப்படியா? நெடுநேரம் ஒன்றும் இல்லை, ஏதோ ஒரு குரல், இலை அசைகிறது, பைனாகுலரைத் தூக்குகிறோம், கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. நாள் முழுக்க நடந்து கிடைப்பது சில நொடிகள்தான், ஆனால் மீதி நேரம் வீணாய்ப் போனது என்று எந்தப் பறவை நோக்கரும் சொல்வதில்லை. அந்த மீதி நேரம்தான் எனக்குப் படமாக வேண்டும்.

பறவையைக் காட்டலாமா, கூடாதா? முன்னால் செய்தவர்கள் எப்படிக் கையாண்டிருக்கிறார்கள்?

பழைய புரொஜெக்டர்:

நல்ல கேள்வி. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1882இல் எத்தியென்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார். குழல், விசை எல்லாம் அப்படியே துப்பாக்கிதான், விசையை அழுத்தினால் நொடிக்கு 12 படம் பதிவாகும். அதை வைத்து அவர் குறிபார்த்தது பறக்கும் பறவைகளை. லூமியேர் சகோதரர்கள் மக்களுக்குப் படம் திரையிடுவதற்குப் பதின்மூன்று வருடம் முன்பு இது. இறக்கை எப்படி அடிக்கிறது என்ற கேள்வி சினிமாவின் வேரில் இருக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இன்னொன்று, மாரேவுக்கு அசைவைத் திரும்ப ஓட்டிப் பார்த்து ரசிப்பதில் பெரிய ஆர்வம் கிடையாது. அசைவைத் துண்டு துண்டாகப் பிரித்து அளக்க வேண்டும், அதுதான் அவர் தேவை. ஒரே தகட்டில் பறவையின் பல நிலைகளை அடுக்கடுக்காகப் பதித்ததும் அதற்காகத்தான்.

அந்தக் கிளையில் வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்க வீடியோ கலைஞர் டென்னிஸ் ஹிலின்ஸ்கியின் படைப்புகளைப் பாருங்கள். காகங்களும் ஸ்டார்லிங்குகளும் பறந்த தடம் சில நொடிகள் வானத்தில் கோடாக நின்று மெல்ல மறையும்படி ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார். ஸ்பெயினின் புகைப்படக் கலைஞர் ஷாவி போவு இதையே புகைப்படத்தில் செய்கிறார். தெளிவான பறவை எங்கேயும் இருக்காது, ஆனால் பறத்தல் முழுக்க இருக்கும். ஆக, "காட்டலாமா கூடாதா" என்ற இரண்டு வழி மட்டும்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அப்புறம் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெலின் 'தி ஏவியரி' என்ற குறும்படம், 1955. நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் எடுத்தது, கேமரா பிடித்தவர் ரூடி பர்க்ஹார்ட். சிலைகள், மரம், மனிதர்கள், நடுவில் பறவைகள். துரத்திப் பிடிக்கும் அவசரம் அதில் கிடையாது. அரிய பறவை எதுவும் தேவைப்படவில்லை அவருக்கு.

நெட்டைக்காலி:

ஹிலின்ஸ்கி பெயர் வந்ததால் சொல்கிறேன். அந்தத் தடங்களைப் பார்த்து எது என்ன வகைப் பறவை என்று ஓரளவு சொல்லிவிடலாம். மரங்கொத்தி சில அடி அடித்துவிட்டு இறக்கையை மூடிக்கொள்ளும், உடனே கீழே இறங்கும், மறுபடி அடிக்கும், அதனால் அதன் தடம் அலை அலையாக இருக்கும். பாறு இறக்கையை விரித்தபடியே மிதப்பதால் இழுத்துவிட்ட கோடு போல வரும். தகைவிலான் பூச்சியைத் துரத்துவதால் நூல் சிக்கிக்கொண்டது மாதிரி கிடக்கும். களத்தில் நாங்கள் இறகின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே இந்த மொத்தச் சாயலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். ஆகவே "அருவமாக்கினால் பறவை போய்விடும்" என்று என் நண்பர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை.

நான் கோபப்படுவது வேறு விஷயத்துக்கு. பரிசோதனைப் படம் எடுப்பவர்களில் நிறையப் பேருக்குப் பறவை என்றால் அது ஒரு குறியீடு, அவ்வளவுதான். வானத்தில் பறந்தால் விடுதலை, காகம் வந்தால் மரணம், கூண்டு வந்தால் பெண். காகத்துக்குத் தன் வாழ்க்கை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நம் மரணத்தோடு ஒரு வேலையும் இல்லை. ஒலியில் நடக்கும் அநியாயம் இன்னும் பெரிது. வெண்தலைக் கழுகு திரையில் வந்தால் செவ்வால் பருந்தின் கூவலை ஒட்டிவிடுவார்கள், ஏனென்றால் கழுகின் உண்மையான குரல் கீச்சென்று மெலிதாக இருக்கும், அது "கழுகுத்தனமாக" இல்லையாம். எந்தக் கண்டத்துக் காடாக இருந்தாலும் ஆஸ்திரேலியாவின் கூக்கபராப் பறவையைச் சிரிக்கவிடுவார்கள். பெரிய வணிகப் படங்களில் நடந்தால் போகட்டும் என்று விடலாம். உற்றுக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட கலை இதைச் செய்யலாமா?

வால்காக்கை, உங்கள் படத்தில் பறவை தெரிகிறதோ இல்லையோ, எந்தப் பறவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வேண்டுகோள் அது ஒன்றுதான்.

ஒலிவாங்கி:

ஒலி பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நானும் வருகிறேன்.

பிரிட்டிஷ் கலைஞர் மார்கஸ் கோட்ஸின் 'டான் கோரஸ்', 2007. பல திரைகளில் ஓடும் படைப்பு. அவர் செய்தது இதுதான்: விடியற்காலையில் பாடும் பறவைகளின் குரலைப் பதிவுசெய்தார், ஒவ்வொன்றையும் பல மடங்கு மெதுவாக்கினார். மெதுவாக்கினால் சுருதியும் கீழே இறங்கும், மனிதக் குரல் எட்டுகிற உயரத்துக்கு வந்துவிடும். அதை மனிதர்களைப் பாட வைத்தார், அவரவர் வழக்கமாக இருக்கும் இடங்களில் உட்கார வைத்துப் படம் பிடித்தார், பிறகு அந்தப் படத்தைப் பழைய வேகத்துக்கு ஏற்றினார். குரல் பறவையின் குரலாகிவிடுகிறது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது உடம்பு. மார்பு படபடவென்று ஏறி இறங்குகிறது, கண் அங்குமிங்கும் வெட்டுகிறது, தலை திடுக்கென்று திரும்புகிறது. திரையில் ஒரு பறவைகூடக் கிடையாது, ஆனால் நான் பார்த்ததில் பறவையின் காலத்துக்குள் மனிதர்களை இழுத்துப்போட்ட படைப்பு அதுதான். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பறவையின் குரல் உறுப்பான சிரிங்ஸ் மூச்சுக்குழாயின் அடியில், அது இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது, பாடும் பறவைகளால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக இயக்க முடியும். நம் காதுக்கு ஒரு கீச்சு மட்டும் கேட்கிற இடத்தில் முழு வாக்கியம் ஓடி முடிந்திருக்கும். மெதுவாக்கினால்தான் அது விரியும்.

உங்கள் படத்துக்கு ஒரு யோசனை. ஒரே திசையின் ஒலியைக் குறிவைத்துப் பிடிக்கும் ஷாட்கன் மைக்கைப் பறவையை நோக்கித் திருப்பாதீர்கள். அது பறவையை இடத்திலிருந்து வெட்டி எடுத்துவிடும். எல்லாத் திசை ஒலியையும் பிடிக்கும் இரண்டு ஓம்னி மைக்கைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்து, வெட்டாமல் நீளமாகப் பதிவுசெய்யுங்கள். காது எப்போதுமே கண்ணுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும், அந்த இடைவெளி உங்களுக்குச் சும்மாவே கிடைக்கும்.

கறுப்புத்திரை:

அப்படியானால் ஏன் தயங்க வேண்டும்? படமே வேண்டாம், பன்னிரண்டு நிமிடமும் கறுப்புத் திரை, ஒலி மட்டும் போதும். ஹவாய்த் தீவுகளின் கவாய் ஓ-ஓ பறவையின் குரலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 1987க்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை, 2023இல் அமெரிக்க அரசு அற்றுப்போனதாக அறிவித்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தக் குரலுக்கு மேல் என்ன பிம்பத்தை வைப்பீர்கள்?

வால்காக்கை:

கறுப்புத்திரை, அந்தப் பதிவு எனக்குத் தெரியும், கேட்டால் மனம் கலங்கும். ஆனால் அதைப் படத்தில் வைத்தால் அழுகை தானாக வந்துவிடும், நான் செய்ய எதுவும் இருக்காது. என் படத்தில் வருவது தினசரி பார்க்கும் பறவைகள், இன்றைக்கும் உயிரோடு புதருக்குள் சத்தம் போட்டுக்கொண்டிருப்பவை. அவற்றுக்கு முன்கூட்டியே இரங்கற்பா எழுத எனக்கு விருப்பமில்லை. பறவை பற்றிய கலைப்படங்கள் எல்லாமே இப்போது இழப்புப் பக்கம் சாய்கின்றன, காரணம் புரிகிறது, ஆனாலும் இருப்பதைக் கவனிப்பதும் ஒரு வேலைதானே?

முழுக் கறுப்பு எனக்கு உதவாது. காட்டில் கண் மூடியா நிற்கிறோம்? கண் திறந்திருக்கிறது, இலைகளை எல்லாம் பார்க்கிறது, பறவையை மட்டும் காணவில்லை. அது வேறு மாதிரியான இல்லாமை.

பழைய புரொஜெக்டர்:

வால்காக்கை சொல்வதோடு எனக்கு உடன்பாடு. ஆனால் அற்றுப்போன பறவைகள் பற்றிப் பேச்சு வந்ததால் இரண்டு படத்துண்டுகளைச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் எடுத்தவர்கள் கலைப்படமாக நினைத்து எடுக்கவில்லை.

ஒன்று, 1956இல் மெக்சிகோவின் மலைக்காட்டில் எடுத்த பேரரச மரங்கொத்தி. உலகின் மிகப் பெரிய மரங்கொத்தி இனம் அது. எடுத்தவர் பறவை ஆர்வம் கொண்ட ஒரு பல் மருத்துவர், கோவேறு கழுதை மேல் உட்கார்ந்தபடி 16 மி.மீ. வண்ணச் சுருளில் கையிலேயே பிடித்து எடுத்தார். மொத்தம் 85 நொடி. 2011இல்தான் அது பொதுவெளிக்கு வந்தது. அந்த இனம் அசைவதை நாம் பார்க்கக்கூடிய ஒரே படம் அது, அதில் பாதி நேரம் கேமரா ஆட்டம்தான். அந்த ஆட்டத்தைக் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை. கழுதையின் முதுகு, மூச்சு வாங்கும் மனிதன், மரத்தில் ஏறும் பறவை மூன்றையும் அந்த ஆட்டத்தில் சேர்ந்தே உணர முடிகிறது.

இன்னொன்று 2004இல் ஆர்கன்சாஸ் சதுப்புக்காட்டில் படகிலிருந்து எடுத்த வீடியோ. அற்றுப்போனதாக நினைத்த தந்த அலகு மரங்கொத்தி இன்னும் இருக்கிறது என்பதற்குச் சான்றாக 2005இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பிப் பறந்துபோகும் ஒரு மங்கலான உருவம், நான்கு நொடி. இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளையா (என்றால் தந்த அலகு), அடிப்பக்கத்து வெள்ளையா (என்றால் சாதாரணமாகத் தென்படும் வேறொரு மரங்கொத்தி) என்று அரை ஃப்ரேம் அரை ஃப்ரேமாகப் பிரித்து ஆராய்ச்சியாளர்கள் வாதாடினார்கள், 2006இல் அதே இதழில் மறுப்பும் வந்தது. நான்கு நொடிப் படத்தை மனிதர்கள் அவ்வளவு உற்றுப் பார்த்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பரிசோதனை சினிமாக்காரர்கள் பார்வையாளரிடம் ஏங்கிக் கேட்பது அந்தப் பார்வையைத்தானே!

ஆகவே என் கருத்து: பறவையைக் காட்டுங்கள், ஆனால் மோசமாகக் காட்டுங்கள். தூரத்தில், ஓரத்தில், இலைக்குப் பின்னால், ஃபோகஸ் போய்ச் சேர்வதற்குள் பறந்துவிடுகிற மாதிரி. தெளிவு கிடைத்தால் கண் ஓய்ந்துவிடும்.

நெட்டைக்காலி:

"மோசமாகக் காட்டுங்கள்" என்பதற்கு இரு கையையும் தூக்குகிறேன். களத்தில் நாங்கள் பார்ப்பது அப்படித்தான். புத்தகத்தில் இருக்கிற மாதிரி பக்கவாட்டில் நின்று காட்டும் பறவை எங்கே இருக்கிறது?

காலம் பற்றி ஒன்று. 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில் சிறு பறவைகளின் கண் எவ்வளவு வேகமான மினுக்கலைப் பிரித்தறியும் என்று சோதித்தார்கள். நீலச் சிட்டு நொடிக்கு 130 தடவை வரை, ஈப்பிடிப்பான்கள் 140க்கும் மேல். மனிதனுக்குச் சாதாரணமாக 60 அளவில் மினுக்கல் மறைந்து தொடர்ச்சியாகிவிடும். பழைய புரொஜெக்டருக்குத் தெரியும், 24 ஃப்ரேம் படத்தில் ஒவ்வொரு ஃப்ரேமையும் மூன்று முறை ஒளியடித்தாலும் 72தான் வருகிறது. அந்தப் பறவைக்கு நம் சினிமா ஓடவே ஓடாது, வெட்டி வெட்டி வரும் நிழற்படங்கள்தான். நம் கண்ணுக்கு ஏற்ற வேகத்தில்தான் பறவைகளைப் பிடித்துவைக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எடுக்கப்பட்ட படம் எனக்குப் பிடிக்கும்.

இறக்கை அடிக்கும் வேகமும் ஃப்ரேம் வேகமும் ஒத்துப்போனால் பறவை இறக்கையை அசைக்காமலே காற்றில் மிதப்பது போலத் தெரியும், அந்த மாதிரி வீடியோக்கள் பார்த்திருப்பீர்கள். கணினி வித்தை எதுவும் இல்லை, கேமராவும் இறக்கையும் ஒரே தாளத்தில் விழுந்துவிட்டன. அதை ஒரு இடத்தில் பயன்படுத்தலாமே?

சிறுகுறிப்பு:

படிக்க மட்டும் வருபவன் நான், ஒரு சந்தேகம். ஆவணப்படத்துக்கும் இதற்கும் கோடு எங்கே? உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியின் கேனட் கடற்பறவைகள் படம், 1934இல் வந்தது, ஆஸ்கர் வாங்கியது. அது ஆவணப்படம்தான். ஆனால் பாறை முழுக்க வெள்ளையாக ஆயிரக்கணக்கில் பறவைகளும் அவை கடலுக்குள் பாயும் காட்சிகளும் பார்க்கும்போது விளக்கக் குரலை அணைத்துவிட்டால் போதும் என்று தோன்றுகிறது.

பழைய புரொஜெக்டர்:

கோடு குரலில்தான் இருக்கிறது என்பது என் எண்ணமும். ஆர்மீனிய இயக்குநர் ஆர்தவாஸ்த் பெலெஷியானின் 'குடியிருப்போர்', 1970, பத்து நிமிடத்துக்கு அருகில். ஒரு சொல்கூட இல்லை. கறுப்பு வெள்ளையில் பறவைக் கூட்டங்கள், விலங்குக் கூட்டங்கள், பிறகு பதற்றம், ஓட்டம். எந்த இனம், எங்கே, ஏன் என்று யாரும் சொல்வதில்லை. கூட்டமாகப் பறப்பதை இசையைப் போல அடுக்குகிறார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் கிரீனவேயின் 'எ வாக் த்ரூ எச்', 1978. ஒரு பறவையியலாளர் 92 வரைபடங்களின் வழியாகப் பயணம் போகிறார், படம் முழுக்க ஓவியங்களும் அவற்றைப் பற்றிய பேச்சும், நடுநடுவே சட்டென்று பறவைகள். பறவை நோக்கர்களின் பட்டியல் மோகத்தையே படத்தின் எலும்புக்கூடாக்கிவிட்டார். வால்காக்கை, உங்கள் களக்குறிப்பேடு இருக்குமே, நேரம், இடம், இனம், எண்ணிக்கை என்று எழுதுவது. அந்த வரிகளை மட்டும் எழுத்தாகத் திரையில் போட்டு, பறவை இல்லாத கிளையை அதற்குக் கீழே ஓடவிட்டால்?

நெட்டைக்காலி:

பெலெஷியான் படத்தின் வலிமையை மறுக்கவில்லை. ஆனால் பொதுவாகவே பெருங்கூட்டம் ஒன்று ஒரே நேரத்தில் எழும்பும் காட்சி எந்தப் படத்தில் வந்தாலும், அதைக் கிளப்பியது யார் என்று கேட்காமல் என்னால் பார்க்க முடியவில்லை. வல்லூறு வந்திருக்கலாம். படக்குழு கைதட்டியும் இருக்கலாம். வலசை வந்த பறவைக்கு அந்த ஒரு எழும்பல் எவ்வளவு சக்தி விரயம் என்பது நமக்குத் தெரியும். கலைக்கு விதிவிலக்கு கேட்பவர்களிடம் நான் கறாராக இருப்பேன்: பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கக் கூடாது, கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, ட்ரோன் வேண்டவே வேண்டாம். காட்சி கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறைவிடத்தில் உட்கார்ந்து எடுங்கள். பிரிட்டனின் ஆரம்பகால இயற்கைப் புகைப்படக்காரர்களான கீர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில் உள்ளே வெற்றிடமாக ஒரு பொய் மாடு செய்து அதற்குள் ஒளிந்து புகைப்படம் எடுத்தார்கள். மறைவிடம் என்றாலே எனக்குத் திரையரங்கு ஞாபகம்தான், இருட்டு அறை, ஒரு திறப்பு, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், எதிரே வருவது நம் கையில் இல்லை.

வால்காக்கை:

இந்த இழை எனக்கு எவ்வளவு உதவியாக இருக்கிறது என்று சொல்லி முடியாது. மறைவிடம் என்றதும் ஒன்று பிடிபட்டது. ஒரு நண்பரிடம் போலெக்ஸ் என்ற பழைய ஃபிலிம் கேமரா இருக்கிறது, இரவல் தருவார். சாவி கொடுத்து ஓட்டும் கேமரா. பழைய புரொஜெக்டர், ஒரு சாவிக்கு எவ்வளவு நேரம் ஓடும்?

பழைய புரொஜெக்டர்:

24 ஃப்ரேமில் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நூறடிச் சுருள் இரண்டே முக்கால் நிமிடம். இதிலேயே உங்கள் படத்தின் விதி இருக்கிறது! மறைவிடத்தில் உட்காருங்கள், குரல் கேட்டதும் ஓட்டுங்கள், சாவி தீரும் வரை நிறுத்தாதீர்கள், எடுத்த வரிசையிலேயே ஒன்றையும் கழிக்காமல் அடுக்குங்கள். சில ஷாட்டில் பறவை வரும், ஓரத்தில் வரும், பாதியில் வரும். பல ஷாட்டில் சாவி தீர்ந்த மறுநொடி வந்திருக்கும், அது பதிவாகியிருக்காது. காட்டுவதா வேண்டாமா என்று எடிட்டிங் மேசையில் நீங்கள் முடிவுசெய்ய வேண்டியதே இல்லை. டிஜிட்டலில் மணிக்கணக்காக எடுத்து, வந்த பத்து நொடியை மட்டும் வெட்டி வைத்தால் அது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் காத்திருப்பு அதில் தங்காது.

ஒலிவாங்கி:

ஒலிப்பதிவை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், இதுதான் முக்கியம். சாவி கொடுக்கும்போதும் சுருள் மாற்றும்போதும் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அந்த இடைவெளிகளில் திரை கறுப்பாகட்டும், கறுப்புத்திரையின் ஆசையும் நிறைவேறும். படம் இல்லாத அந்த நேரத்தில் பறவை கத்தினால் உண்மையிலேயே கத்தியது, நாம் ஒட்டியதில்லை.

ஆனால் போலெக்ஸின் ஸ்பிரிங் மோட்டார் நன்றாகவே சத்தம் போடும். மைக்கை மறைவிடத்துக்குள் வைக்காமல் இருபது முப்பது அடி தள்ளி வையுங்கள், கேமராவுக்கு மேல் தடித்த போர்வை சுற்றுங்கள், முழுக்கப் போகாது. மீதிச் சத்தம் இருக்கட்டும் என்பேன், சாவி ஓடுகிறது என்பது பார்வையாளருக்கும் தெரிந்தால்தான் அது தீரப்போகிறது என்ற படபடப்பு வரும். படமும் ஒலியும் ஃப்ரேம் கணக்கில் பொருந்தாது, ஸ்பிரிங் வேகம் கொஞ்சம் தள்ளாடும், ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் ஒரு தட்டு தட்டிவிட்டால் தனித்தனியாகப் பொருத்திக்கொள்ளலாம்.

நெட்டைக்காலி:

தட்டுவது வேண்டாம்! கேமரா ஓடத் தொடங்கும் சத்தமே பதிவில் இருக்குமே, அதை வைத்துப் பொருத்துங்கள். மறைவிடத்தைச் சில நாள் முன்னதாகவே கட்டிவிட்டு வந்துவிடுங்கள், பழகிக்கொள்ளட்டும். இனப்பெருக்க காலம் முடிந்தபிறகு தொடங்குங்கள். குறிப்பேட்டு வரிகளைத் திரையில் போடுவதாக இருந்தால் இனப்பெயர்களை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வால்காக்கை:

அனுப்புகிறேன். முதல் சுருள் கழுவி வந்ததும் இதே இழையில் இணைப்பு போடுகிறேன்.